மறைந்தவரின் குடும்பத்தார் வரிசை

ஞானசீலன் இறந்துவிட்டதாக உலக நட்புறவுக் கழகத்தின் மதுரை மண்டலச் செயற்குழு ஒரு செவ்வாய்க்கிழமை ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. செய்தியை அவரிடம் நேரில் தெரிவிப்பதற்காகச் செயலாளர் ஆண்டிச்சாமி வியாழக்கிழமை காலையில் நாகமலை புதுக்கோட்டைக்கு ஸ்கூட்டரில் வந்தார்.

ஞானசீலன் அப்போது முந்தின நாள் ரசத்தைச் சுடவைத்துக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது. மனைவி பிலோமினாள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மகள் ஷெரின் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போனில் முகம் காட்டுவாள். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் சத்தம் போடுவது மிக்ஸி ஒன்றுதான். அடுப்படியில் இரண்டு எவர்சில்வர் டம்ளர் இருந்தன. ஒன்று தினமும் புழங்கியது. இன்னொன்று ஒன்பது வருஷமாகக் கவிழ்த்தது கவிழ்த்தபடி கிடந்தது.

மணிச்சத்தம் கேட்டுக் கேஸ்காரர்தான் என்று நினைத்து சிலிண்டர் புத்தகத்தோடு வந்து கதவைத் திறந்தார்.

“மனசத் தேத்திக்கிடணும்யா” என்றார் ஆண்டிச்சாமி. கையில் ஒரு ஃபைல் இருந்தது.

“யாரு போயிட்டா?”

“நீங்கதான்யா.”

ஞானசீலன் புத்தகத்தை மூடினார். ஆண்டிச்சாமி கெட்ட மனிதர் இல்லை. வேகமாக விளக்கினார். கழகத்தில் இரண்டே பட்டம். ஒன்று வாழும் மாமணி, இன்னொன்று மறைந்த மாமணி. வாழும் மாமணியை ஆறு வருஷமாகத் தலைவர் முனைவர் சூரியபிரகாஷே வாங்கி வருகிறார். தேர்வுக் குழுவுக்கும் அவரே தலைவர். இந்த வருஷமும் ஊர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினார்களாம். வேறு ஆள் அகப்படவில்லை.

“நான் உயிரோட இருக்கேனேய்யா.”

“அதுதான் சிக்கல். தலைவரும் இருக்காரு.”

“சரி, எனக்கு எதுக்குப் பட்டம்? நான் கேக்கலையே.”

“நீங்க கேக்கல. வெளிநாட்டுல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கு. மதுரைக்காரருன்னு மட்டும்தான் தெரியுமாம், ஆளக் கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு. தலீனாவோ என்னமோ பேரு.”

அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. ஞானசீலன் அடுப்பை அணைக்கப் போகவில்லை.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், கடல் கடந்த ஒரு துறைமுக நகரத்தில், நம் நாட்டுத் தூதரக அலுவலகத்தில் அவர் கீழ்மட்ட அதிகாரி. திருமங்கலத்தில் பருத்தி மூட்டை சுமந்தவரின் மகன். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் அவரை அம்புட்டுத் தூரம் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. அந்த நாட்டில் சண்டை மூண்டு, ஒரு இனத்தாரை மட்டும் வீடு வீடாகத் தேடிக் கொல்ல ஆரம்பித்தார்கள். தூதர் முதல் விமானத்தில் கிளம்பினார். அவருடைய ஃபிரிட்ஜும் கிளம்பியது. ஞானசீலனிடம் விட்டுப்போனது ஒரு வட்ட முத்திரையும், கப்பல் ஊழியர்களுக்கான அவசரப் பயணச் சீட்டுப் படிவம் நான்கு கட்டும்.

துறைமுகத்தில் நம் சரக்குக் கப்பல்கள் நின்றன. தூதரகத்துக் கேட்டுக்கு வெளியே ஜனங்கள் நின்றார்கள். ஞானசீலன் எழுத ஆரம்பித்தார். மேலிடத்தில் கேட்கவில்லை, கேட்டால் பதில் வர மூன்று வாரம் ஆகும், கத்தி வர மூன்று நிமிஷம். பல் போன கிழவரை எஞ்சின் உதவியாளர் ஆக்கினார். நிறைமாதப் பெண்ணைக் கப்பலுக்கு வர்ணம் பூசுகிறவள் ஆக்கினார். பதினோரு நாளில் நானூறு பேர் கப்பல் ஊழியர்களாகித் தப்பினார்கள்.

செப்டம்பர் பதினேழாம் தேதி, முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு முடிந்தபோது ஒரு தாய் வந்தாள். கூட ஆறு வயசுப் பெண், தலீனா. பதினைந்து வயசுப் பையன், ஆரென். இருந்தது இரண்டு படிவம். தாய்க்கு ஒன்று. பெண்ணுக்கு ஒன்று, சமையல் உதவியாளர் என்று. பையனைப் பார்த்து, “புதுக் கட்டு வந்துரும். நாளைக்கு வா” என்றார். பையன் தலையாட்டினான். அன்று சாயங்காலமே மேலிடத்து உத்தரவு என்று ஒரு ஜீப் வந்து ஞானசீலனை விமான நிலையத்துக்கு அள்ளிக்கொண்டு போனது. பிறகு முத்திரையைத் தவறாகப் பயன்படுத்தியதாக விசாரணை, கட்டாய ஓய்வு. ஊருக்கு வந்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். அதெல்லாம் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பையன் மறுநாள் வந்தானா என்பது மட்டும் தெரிய வேண்டியிருந்தது. முப்பத்தைந்து வருஷமாக.

“அந்தம்மா நம்பர் குடுங்க. ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கிறேன்.”

“அது கழகத்தோட பதிவேட்டுல இருக்குய்யா. மறைந்தவங்களுக்குக் குடுக்க விதியில்ல.” ஆண்டிச்சாமிக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. “படத்திறப்புக்கு அவங்களே வாராங்க. நீங்க இல்லைன்னு நாங்க ஏற்கெனவே இரங்கல் தெரிவிச்சுட்டோம். அழுதாங்க போல.”

“நான் விழாவுக்கு வரலாமா?”

“மறைந்தவரா வர முடியாது. குடும்பத்தாரா வரலாம்.”

ஞானசீலன் சம்மதித்தார்.

மறு வாரம் டவுன் ஹால் ரோட்டில், மாடியில் இருக்கும் கழக அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். சூரியபிரகாஷ் எழுந்து வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்தார். சுவரில் வாழும் மாமணிகளின் படங்கள் ஆறு. ஆறும் அவருடையவை, சட்டை மட்டும் வேறு வேறு.

“உயிரோட இருக்கிறவங்களுக்கு ஆயிரம் தொந்தரவுங்க. நாளைக்கு ஏதாச்சும் பேசிருவாங்க, கட்சி மாறிருவாங்க. மறைஞ்சவங்கதான் நிலையானவங்க. உங்களுக்குக் கிடைச்சது பெரிய குடுப்பினை.”

“சரிங்க.”

“ஒரு விஷயம். அந்த நாட்டோட இப்ப நமக்கு நல்லுறவு. அடுத்த மாசம் அங்க இருந்து ஒரு குழு வருது, நானும் அங்க போறேன். அதனால நாட்டுப் பேரு வேண்டாம். கொன்னவங்க பேரு வேண்டாம். செத்தவங்க பேரும் வேண்டாம், அதச் சொன்னா கொன்னது யாருன்னு தெரிஞ்சிரும். ஒரு நாட்டில் ஒரு காலத்தில் சிலர் சிலருக்கு இடையூறு செய்தபோதுன்னு போட்டுக்குவோம்.”

ஃபிளெக்ஸுக்குப் படம் வேண்டும் என்றார்கள். ஞானசீலன் கொண்டுபோன படம் எடுப்பாக இல்லையாம். கோட்டும் மீசையும் கடைக்காரரே போட்டுவிடுவார். பிறகு ஆண்டிச்சாமி பேனாவைத் திறந்தார்.

“மறைந்த தேதி?”

“நானா சொல்லணும்?”

“குடும்பத்துல இருந்து குடுக்கிறதுதான் முறை. மார்ச் மட்டும் வேண்டாம், ஆடிட்டு.”

ஞானசீலன் ஜன்னலைப் பார்த்தார். கீழே ஒருவர் தள்ளுவண்டியில் பீரோ ஒன்றைக் கட்டித் தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

“செப்டம்பர் பதினேழு” என்றார்.

“வருஷம்?”

வருஷத்தைச் சொன்னார்.

“அம்புட்டுப் பழசுன்னா தனித் தீர்மானம் போடணும்யா. ரெண்டாயிரத்துப் பத்தொன்பதுன்னு வச்சுக்குவோம்” என்று எழுதிக்கொண்டார் ஆண்டிச்சாமி.

விழாவன்று காலையில் ஜுல்பிகரின் ஆட்டோவைக் கூப்பிட்டார். மாதம் ஒருமுறை மருந்து வாங்க அவரைக் கூட்டிப்போகிறவர் ஜுல்பிகர்தான். வெளிநாட்டு அம்மா ஒருவரைப் பார்த்து ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தார். காளவாசல் சிக்னலில் வண்டி நின்றது. எதிரே பத்தடி உயரத்தில் ஞானசீலன், மீசையோடு, கண்ணீர் அஞ்சலிக்கு நடுவே நின்றார். அவரைவிட இரண்டு மடங்கு பெரிய சூரியபிரகாஷ் பக்கத்தில் கைகூப்பி நின்றார்.

ஜுல்பிகர் பேனரைப் பார்த்தார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

“சார், நான் இப்ப யாரை ஏத்திட்டுப் போறேன்?”

“குடும்பத்தார ஏத்திட்டுப் போறீங்க.”

“யா அல்லா. மீசை வேற வச்சுவிட்டுருக்கானுக. இறங்கிப் போய்க் கிழிச்சுப் போட்டுரவா?”

“வேண்டாம் பாய். பச்சை விழுந்துருச்சு, எடுங்க.”

மண்டபம் நிறைந்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிரியாணி என்று கொட்டாம்பட்டிப் பக்கத்தில் இருந்து இரண்டு வேனில் ஆள் கொண்டுவந்திருந்தார்கள். ஞானசீலன் சட்டையில் கறுப்புப் பட்டை குத்தி, ‘மறைந்தவரின் குடும்பத்தார்’ என்று அட்டை எழுதிய முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். ஐந்து நாற்காலி. ஒரு ஆள். வீடியோக்காரர் வந்து உதட்டைப் பிதுக்கினார். “ஃபிரேம்ல காலியாத் தெரியுதுண்ணே.” ஆண்டிச்சாமி வேன் கூட்டத்தில் இருந்து நான்கு பேரைக் கூட்டிவந்து பட்டை குத்திவிட்டார். இப்படியாக ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஞானசீலனுக்கு ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது.

பக்கத்து நாற்காலிக்கு வந்தவர் சோலை என்ற பெண். கல்லுடைத்துக் காய்த்துப்போன கையால் அவருடைய முழங்கையைப் பிடித்தார்.

“செத்தவுக உங்களுக்கு என்ன முறைண்ணே?”

“ரொம்ப நெருக்கம்.”

“முகத்தப் பாத்தாலே தெரியுது. காலைல சாப்ட்டீகளா?”

அதை அவரிடம் யாரும் கேட்டு எத்தனை நாள் ஆகிறது என்று யோசித்தார். கணக்கு வரவில்லை.

மேடையில் பதினேழு பேர். நடுவில், சாம்பல் நிறக் கோட்டில், தலைமுடியில் கொஞ்சம் நரையோடு தலீனா. அவளைச் சுற்றி வெண்கலக் குத்துவிளக்கும் விருந்தினர்களும் வேலி மாதிரி நின்றதால் ஞானசீலனால் கிட்டப் போக முடியவில்லை. சாயங்கால விமானத்தில் அவள் திரும்புகிறாள் என்று மட்டும் தெரியும். பொன்னாடை போர்த்தல் ஒரு மணி நேரம் நடந்தது. பதினேழு பேரும் பதினேழு பேருக்கும் போர்த்தினார்கள். தலீனா, சுமைக்கூலியாள் மேல் சாக்கு அடுக்கின மாதிரி தோள் தாழ உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் முன்னாள் தூதர் பேசினார். அவரேதான். ஃபிரிட்ஜோடு போனவர். தொண்ணூறு வயசிலும் குரல் கணீரென்று இருந்தது.

“மறைந்தவர் என் கீழே பணியாற்றியவர். நான் அங்கே இல்லாததால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது. இருந்திருந்தால் தடுத்திருப்பேன். ஆகவே இந்தச் சாதனையில் என் பங்கு என்ன என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.” கைதட்டல். “அவர் மேல் நடவடிக்கைக்கு எழுதியதும் நான்தான். யாரும் அதைச் சொல்வதில்லை. நடவடிக்கை எடுத்ததால் ஃபைல் உண்டானது. ஃபைல் இருந்ததால் அவர் செய்தது பதிவானது. பதிவானதால் இன்று விழா நடக்கிறது. நாம் தண்டிக்காமல் விட்டிருந்தால் இந்த மனிதரை நாடே மறந்திருக்கும்.”

சோலை கிசுகிசுத்தார். “இந்தாளு நல்லவரா கெட்டவராண்ணே?”

“பெரியவரு.”

“அப்படிச் சொல்லுங்க.”

தலீனாவைப் பேச அழைத்தார்கள். அவள் இங்கிலீஷில் பேசினாள். சூரியபிரகாஷ் இன்னொரு மைக்கைப் பிடித்துத் தமிழில் சொன்னார்.

“என் அம்மாவும் நானும் அவர் எழுதிய சீட்டால் பிழைத்தோம்” என்றாள் அவள். “என் அண்ணனை அவர் நாளைக்கு வரச் சொன்னார்.”

“நாளை என்ற நம்பிக்கையை அண்ணலார் விதைத்தார் என்று அம்மையார் புகழ்கிறார்கள்” என்றார் சூரியபிரகாஷ்.

“அண்ணன் மறுநாள் போனான். கேட் பூட்டியிருந்தது. அதற்கு மறுநாளும் போனான்.”

“அண்ணலாரின் அலுவலக வாசல் மக்களைத் தினந்தோறும் ஈர்த்தது என்கிறார்கள்.”

ஞானசீலன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவனிடம் இருந்து எங்களுக்கு ஒரே ஒரு கடிதம் வந்தது. அந்த ஆள் நாளைக்கு என்றுதான் சொன்னார், அதனால் நாளைக்கும் போய்ப் பார்ப்பேன் என்று எழுதியிருந்தான். அதோடு சரி. கேட் வாசலில் வைத்தே அவனைப் பிடித்தார்கள் என்று பிற்பாடு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். ஏன் நாளைக்கு என்று சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்கத்தான் தேடினேன். இறந்துவிட்டார் என்கிறீர்கள். இனி யாரிடம் கேட்பது?”

“அண்ணலாரின் மறைவு அம்மையாருக்கு வார்த்தையே இல்லாமல் செய்துவிட்டது” என்றார் சூரியபிரகாஷ்.

மண்டபம் கைதட்டியது. வேனில் வந்தவர்கள் கூடுதலாகத் தட்டினார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. முப்பத்தைந்து வருஷம் காத்திருந்த பதிலை ஞானசீலன் அந்தச் சத்தத்துக்கு நடுவில் பெற்றுக்கொண்டார். சோலை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டுவதை நிறுத்தினார்.

படம் திறக்கப்பட்டது. பூப்போட வந்த தலீனா, படத்துக்குக் கீழே இருந்த தேதியைப் பார்த்துக் கை நீட்டியபடியே நின்றுவிட்டாள். செப்டம்பர் பதினேழு. திரும்பி ஆண்டிச்சாமியிடம் ஏதோ கேட்டாள். ஆண்டிச்சாமி பொய் சொல்லிப் பழகாதவர். முதல் வரிசையைக் கைகாட்டினார்.

“மறைந்த அண்ணலாருக்கு இரண்டு நிமிட மௌன அஞ்சலி” என்றார் சூரியபிரகாஷ் மைக்கில். “யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது.”

எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். தலீனா மட்டும் மேடைப் படியில் இறங்கி வந்தாள். அவளைத் தடுக்க ஆள் இல்லை. தடுக்க வேண்டியவர்கள் எல்லாம் அஞ்சலியில் நின்றார்கள். சூரியபிரகாஷ் கண்ணை உருட்டினார். அவர் அறிவித்த மௌனத்தை அவரே எப்படிக் கலைப்பது?

“இந்தத் தேதியைக் கொடுத்தது யார்?” என்று மெல்லக் கேட்டாள்.

“நான்தான்.”

“நீங்கள் அவருக்கு யார்?”

ஞானசீலன் கறுப்புப் பட்டையைக் கழற்றினார். அவரிடம் வேறு அத்தாட்சி இல்லை. படத்தில் இருந்தவருக்கு மீசை இருந்தது, கோட்டு இருந்தது. அதனால் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

“சீட்டு எண் நானூறு. பெயர் தலீனா. வயது ஆறு. வேலை, சமையல் உதவியாளர். உயரம் எழுதும் இடத்தில் மேசை உயரம் என்று எழுதினேன். நீ மேசைக்கு மேலே மூக்கை மட்டும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.”

அவள் முகம் ஒருதரம் சுருங்கி விரிந்தது. அழவில்லை. அதற்கு நேரமும் இல்லை. ஒன்றே கால் நிமிஷம்தான் பாக்கி இருந்தது.

“ஏன் நாளைக்கு என்று சொன்னீர்கள்?”

ஜீப் வந்ததைச் சொல்லலாம். மேலிடத்து உத்தரவைச் சொல்லலாம். நான்கைந்து நல்ல பதில்கள் அவரிடம் இருந்தன. ராத்திரி ராத்திரி அவற்றைச் சொல்லித்தான் தூங்கியிருக்கிறார்.

“படிவம் தீர்ந்துபோச்சு” என்றார். “முத்திரை கையில் இருந்தது. வெறுந்தாளும் மேசை நிறைய இருந்தது. வெறுந்தாளில் எழுதி முத்திரை குத்தியிருந்தால் அந்தக் கப்பல்காரன் ஏற்றியிருப்பான், அவனுக்கு எழுதப் படிக்கவே வராது. படிவம் இல்லாமல் குத்தக் கூடாது என்று நினைத்தேன். நானூறு பொய் எழுதினவனுக்கு அது தப்பென்று பட்டது.”

மிச்ச நேரம் அவர்களும் அஞ்சலியில்தான் நின்றார்கள். அந்த மண்டபத்தில் அந்தப் பையனுக்காக நின்றவர்கள் இரண்டே பேர்.

மணி அடித்தது. சூரியபிரகாஷ் மைக்கைப் பாய்ந்து பிடித்தார். “குடும்பத்தார் துக்கம் தாளாமல் தடுமாறுகிறார். தொண்டர்கள் வெளியே அழைத்துப் போய் ஆறுதல் சொல்லவும்.”

தொண்டர்கள் வருமுன் ஞானசீலன் நடந்துவிட்டார். வாசல் பக்கம் வருகைப் பதிவு மேசை. ஆண்டிச்சாமியின் ஃபைல், பேனா, மைப்பெட்டி, கழகத்தின் வட்ட முத்திரை. அழைப்பிதழ் ஒன்றைத் திருப்பிப் போட்டு, வெறுமையான பக்கத்தில் இங்கிலீஷில் எழுதினார். எண் நானூற்று ஒன்று. பெயர் ஆரென். வயது பதினைந்து. வேலை, மாலுமி.

“ஐயா” என்றார் பின்னால் ஓடிவந்த ஆண்டிச்சாமி. “தலைவர் கையெழுத்தில்லாம அதக் குத்தக் கூடாதுய்யா.”

“தெரியும்” என்று சொல்லிக் குத்தினார்.

தலீனா தாளை வாங்கி, மை காயட்டும் என்று வாயால் ஊதினாள். கைப்பையில் இருந்து பழுத்துப்போன ஒரு சீட்டை எடுத்து, இரண்டையும் ஒன்றாக வைத்து மடித்தாள். நன்றி சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கார் வந்துவிட்டது என்று கூட்டிக்கொண்டு போனார்கள்.

படம் குடும்பத்துக்குச் சேர வேண்டியதாம். ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். மூன்றடிக்கு நான்கடி. ஞானசீலன் ஒண்டிக்கொண்டு உட்கார, பாதி இடத்தைப் படம் எடுத்துக்கொண்டது. சோலை ஓடிவந்து, ஒரு பிரியாணிப் பொட்டலத்தை அவர் மடியில் வைத்தார். “வீட்டுல ஆக்கியிருக்க மாட்டாக, துக்க வீடு” என்றார்.

“பாத்தாச்சா சார், அந்தம்மாவ?” என்று ஜுல்பிகர் கேட்டார்.

“பாத்தாச்சு.”

“கேட்டாச்சா?”

“அந்தம்மாவும் கேட்டுச்சு.”

காளவாசலில் சிக்னல் விழுந்தபோது இருவருமே பேனரைப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. ‘மறைந்த ஞானசீலன் அவர்களின் குடும்பத்தாருக்கு’ என்று முகவரி. மௌன அஞ்சலியின்போது பேசியதும், கழக முத்திரையை அதிகாரமின்றிப் பயன்படுத்தியதும் மறைந்தவரின் புகழுக்கு மாசு கற்பிப்பவை என்று செயற்குழு வருந்துகிறது. விளக்கம் எழுத்தில் தரப்பட வேண்டும். தராவிட்டால் மறைந்த மாமணிப் பட்டம் திரும்பப் பெறப்படும். அப்படித் திரும்பப் பெற்றால் அவர் மறைந்தவராகவே கருதப்படுவாரா, இல்லையா என்பதை ஆராயத் துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டுள்ளது.

ஞானசீலன் இரண்டு தடவை படித்தார். விளக்கத்தைப் பெற்றுக்கொள்ளச் செயலாளர் ஆண்டிச்சாமி வியாழக்கிழமை காலையில் நேரில் வருவார் என்று கடைசி வரியில் இருந்தது.

எழுந்து அடுப்படிக்குப் போனார். கவிழ்ந்து கிடந்த டம்ளரை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, நிமிர்த்தி வைத்தார். இன்றைக்குத் திங்கள்தான்.